மெங்லெம்பு மன்னிக்காத தலைவர்: எஸ்.பி. சீனிவாசகம்

ஈப்போவில் காலை நடைக்குப் போகிறவர்களுக்கு டி.ஆர். சீனிவாசகம் பூங்காவைத் தெரியும். பெயர்ப் பலகையில் இருப்பவர் யார் என்று கேட்டால், வயதில் மூத்தவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள். நாடாளுமன்றத்தில் அமைச்சர்களை எழுப்பி நிற்கவைத்த வழக்கறிஞர், ஏழைகளின் தலைவர், ஈப்போவின் குரல். டி.ஆரின் பெயர் இன்றும் மரியாதையோடு சொல்லப்படுகிறது.

அவருடைய அண்ணன் எஸ்.பி. சீனிவாசகத்தைப் பற்றிக் கேட்டால் பதில் அத்தனை விரைவாக வராது. கட்சியைத் தம்பியோடு சேர்ந்து உருவாக்கியவர் அவர். ஈப்போ நகராட்சியின் தலைவராக இருந்தவர். மெங்லெம்புத் தொகுதியில் 3 பொதுத் தேர்தல்களில் வென்றவர். தம்பி இறந்தபின் கட்சியை 1969 தேர்தலில் பெரும் வெற்றிக்கு நடத்திச் சென்றவரும் அவரே. இருந்தும், அடுத்த 5 ஆண்டுகளில் அதே மக்கள் அவரைக் கைவிட்டார்கள். பேராக் மாநிலத்தில் ஓர் எதிர்க்கட்சித் தலைவர் மீது மக்களுக்கு ஏற்பட்ட ஏமாற்றம் இத்தனை வேகமாக ஒரு கட்சியைக் கரைத்த சம்பவம் வேறு இருக்குமா என்பது சந்தேகமே.

ஈப்போவின் வழக்கறிஞர் குடும்பம்

சீனிவாசகம் சகோதரர்கள் இலங்கைத் தமிழர் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். அன்றைய மலாயாவில் இலங்கைத் தமிழர்கள் பெரும்பாலும் அரசாங்க அலுவலகங்களிலும், ரயில்வேயிலும், தோட்டக் கிராணிகளாகவும் வேலை பார்த்தார்கள். பால்மரக் காட்டில் வெட்டுக்கத்தி பிடித்த தமிழர்களுக்கும் அவர்களுக்கும் இடையே ஓர் இடைவெளி இருந்தது. கிராணி வீடு ஒரு பக்கம், லயம் இன்னொரு பக்கம். சகோதரர்கள் இருவரும் இங்கிலாந்தில் சட்டம் படித்துத் திரும்பி ஈப்போவில் வழக்கறிஞர்களாக நின்றபோது, அந்த இடைவெளியைத் தாண்டி எல்லா இனத்து ஏழைகளும் அவர்களைத் தேடி வந்தார்கள்.

ஈப்போ அன்று ஈயத்தின் தலைநகரம். கிந்தாப் பள்ளத்தாக்கு முழுவதும் ஈயச் சுரங்கங்கள். அவற்றைச் சுற்றிச் சீனத் தொழிலாளர்கள். சற்றுத் தள்ளி ரப்பர்த் தோட்டங்களில் தமிழர்கள். 1948-இல் அவசரகாலம் பிரகடனப்படுத்தப்பட்டதும் இந்தப் பகுதி மிகவும் துன்பப்பட்டது. சீனக் குடும்பங்கள் முள்வேலிக்குள் புதுக் கிராமங்களில் குடியேற்றப்பட்டன. தோட்டங்களில் சிதறிக் கிடந்த லயங்களும் ஒரே இடத்தில் சேர்க்கப்பட்டு வேலி போடப்பட்டன. சந்தேகம் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரைப் பிடித்துச் செல்லும் அதிகாரம் அரசாங்கத்துக்கு இருந்தது. அந்த நாட்களில் நல்ல வழக்கறிஞர் ஒருவர் கிடைப்பது உயிர் கிடைப்பதற்குச் சமம்.

லீ மெங் வழக்கு

எஸ்.பி.யின் பெயர் நாடு முழுவதும் தெரியவந்தது 1952-இல். லீ மெங் என்ற இளம்பெண் ஈப்போவில் கைது செய்யப்பட்டாள். கம்யூனிஸ்ட் படையைச் சேர்ந்தவள் என்றும் கையெறிகுண்டு வைத்திருந்தாள் என்றும் குற்றச்சாட்டு. அவசரகாலச் சட்டப்படி அதற்குத் தூக்குத் தண்டனை. அவளுக்காக வாதாடியவர் எஸ்.பி. சீனிவாசகம்.

அப்போது நீதிபதியோடு இரண்டு துணை மதிப்பீட்டாளர்கள் அமர்ந்து தங்கள் கருத்தைச் சொல்வது வழக்கம். முதல் விசாரணையில் இருவரும் அவள் குற்றவாளி அல்ல என்றார்கள். நீதிபதி அதை ஏற்காமல் மறுவிசாரணைக்கு உத்தரவிட்டார். இரண்டாம் விசாரணையில் மதிப்பீட்டாளர்கள் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். நீதிபதி குற்றவாளி என்று தீர்மானித்துத் தூக்குத் தண்டனை விதித்தார். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றும் பலனில்லை. ஹங்கேரி நாடு தன் சிறையிலிருந்த ஒரு பிரிட்டிஷ் வணிகரை விட்டு, பதிலுக்கு லீ மெங்கைக் கேட்டது. பிரிட்டன் மறுத்தது. கடைசியில் பேராக் சுல்தான் 1953 மார்ச்சில் தூக்குத் தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்தார். லீ மெங் உயிர் பிழைத்தாள். 1964-இல் விடுதலையாகிச் சீனாவுக்கு அனுப்பப்பட்டாள்.

ஒரு தமிழ் வழக்கறிஞர் ஒரு சீனப் பெண்ணின் உயிருக்காக வெள்ளைக்கார நீதிபதி முன்னால் வாதாடிய சேதி, கிந்தாவின் புதுக் கிராமங்களில் சும்மா போகவில்லை. பின்னாளில் சீன வாக்காளர்கள் நிறைந்த தொகுதிகளில் இரண்டு தமிழ்ச் சகோதரர்கள் அசைக்க முடியாதவர்களாக நின்றதற்கு வேர், இப்படிப்பட்ட நீதிமன்ற நாட்களில்தான் இருக்கிறது.

கட்சி பிறந்தது

லீ மெங் வழக்கு இன்னும் முடிவு தெரியாமல் இருந்த 1953 ஜனவரியில், ஈப்போவில் பேராக் முற்போக்குக் கட்சி தொடங்கப்பட்டது. பின்னர் அதுவே மக்கள் முற்போக்குக் கட்சி, சுருக்கமாக பி.பி.பி. என்று பெயர் மாறியது. முதலில் அம்னோ, ம.சீ.ச. கூட்டணியோடு அது நட்பாகத்தான் இருந்தது. விரைவிலேயே முறிந்து தனி வழி போனது.

தொடக்கம் கசப்பானது. 1955-இல் நடந்த முதல் கூட்டரசுத் தேர்தலில் 52 இடங்களில் 51 கூட்டணிக்குப் போனது. மீதி ஒன்று பாஸ் கட்சிக்கு. பி.பி.பி.க்கு ஒன்றுமில்லை. சுதந்திரம் வந்தது. ஈப்போ - மெங்லெம்புத் தொகுதியின் ம.சீ.ச. உறுப்பினர் லியோங் இயூ கோ மலாக்காவின் ஆளுநராக நியமிக்கப்பட்டதால், 1957 நவம்பரில் இடைத்தேர்தல் வந்தது. அதில் டி.ஆர். சீனிவாசகம் வென்றார். சுதந்திர நாட்டின் மன்றத்தில் எதிர்க்கட்சியின் குரல் அங்கிருந்துதான் உரக்க எழுந்தது.

1959 பொதுத் தேர்தலில் கட்சிக்கு 4 நாடாளுமன்ற இடங்கள் கிடைத்தன. ஈப்போ தம்பிக்கு, மெங்லெம்பு அண்ணனுக்கு. 1964-இல் இந்தோனேசிய மோதல் காலத்தில் கூட்டணிக்கு ஆதரவான அலை வீசியபோது கட்சி 2 இடமாகச் சுருங்கியது. அந்த இரண்டும் ஈப்போவும் மெங்லெம்புவும்தான். நிலக்கடலைக்குப் பெயர்போன அந்தச் சிறிய ஊர், அலை எப்படி அடித்தாலும் எஸ்.பி.யை விடவில்லை.

நகராட்சியில் கிடைத்த நம்பிக்கை

எதிர்க்கட்சி என்றால் கூச்சல் போடுவது மட்டும்தான் என்று நினைப்பவர்களுக்கு ஈப்போ வேறு பாடம் சொன்னது. 1950-களின் பிற்பகுதியிலிருந்து ஊராட்சித் தேர்தல்களில் பி.பி.பி. வென்று ஈப்போ நகர மன்றத்தைக் கைப்பற்றியது. எஸ்.பி. அதன் தலைவராக இருந்தார். 1962-இல் ஈப்போ நகராட்சி அந்தஸ்து பெற்றது. தூய்மையான நகரம் என்ற பெயரும் ஈப்போவுக்கு வந்தது.

இன்றைய இளைஞர்களுக்கு இதில் ஒரு விஷயம் புதிதாக இருக்கலாம். அன்று நகர மன்ற உறுப்பினர்களை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். சாக்கடை அடைத்தாலும், தெரு விளக்கு எரியாவிட்டாலும், அங்காடிக் கடை உரிமம் கிடைக்காவிட்டாலும் யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியும். கேட்டது கிடைக்கவில்லை என்றால் அடுத்த தேர்தலில் ஆளை மாற்றவும் முடியும். கோலாலம்பூரில் கூட்டணி ஆட்சி, மாநிலத்தில் கூட்டணி ஆட்சி, ஊரில் மட்டும் எதிர்க்கட்சி ஆட்சி. இந்த ஏற்பாட்டில்தான் ஈப்போ மக்கள் சீனிவாசகம் சகோதரர்களின் நிர்வாகத்தை நேரில் பார்த்தார்கள்.

தம்பி மேடையிலும் மன்றத்திலும் இடி முழக்கம். அண்ணனுக்கு நீதிமன்றம், நகராட்சி, கட்சி அமைப்பு. மக்கள் கைதட்டியது தம்பிக்கு அதிகம். ஆனால் ஊரின் அன்றாடம் அண்ணன் கையில் இருந்தது.

1965-இல் இந்தோனேசிய மோதலைக் காரணம் காட்டி ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் அமைந்த அரச விசாரணை ஆணையம், தேர்தல்கள் தொடரவேண்டும் என்று பரிந்துரைத்தது. அது நடைமுறைக்கு வரவே இல்லை. பி.பி.பி.யின் காலடி மண் அப்போதே மெதுவாகக் கரையத் தொடங்கியது.

தோட்டம் ஒரு பக்கம், பட்டணம் ஒரு பக்கம்

பேராக் தமிழர்களின் அரசியல் அன்று இரண்டு ஊர்களுக்கிடையே பிரிந்து கிடந்தது. ஈப்போவில் சீனிவாசகம் சகோதரர்கள். அங்கிருந்து வடக்கே சுங்கை சிப்புட்டில் துன் வீ. தி. சம்பந்தன்.

சம்பந்தன் 1955 முதல் ம.இ.கா. தலைவர், கூட்டணி அமைச்சரவையில் அமைச்சர். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு, தலைமுறையாக உழைத்தவர்கள் தெருவுக்கு வந்த காலத்தில், 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்து, பாட்டாளிகள் பங்கு சேர்த்துத் தோட்டம் வாங்க வழி செய்தவர். தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோர் அவர் பின்னால் நின்றார்கள். அரசாங்கத்துக்குள் ஒரு கை இருந்தால்தான் காரியம் நடக்கும் என்பது அவர்களின் அனுபவம்.

சீனிவாசகம் சகோதரர்களின் வழி வேறு. குடியுரிமை, மொழி, சம உரிமை ஆகியவற்றை அவர்கள் வெளியில் நின்று கேட்டார்கள். சுதந்திரத்துக்குப் பின் இங்கே பிறந்தவர்களுக்குக் குடியுரிமை இருந்தது. அதற்கு முன் பிறந்தவர்களும் வெளியிலிருந்து வந்தவர்களும் நிபந்தனைகளோடு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத பல தோட்டப் பாட்டாளிகள் அந்த விண்ணப்பத்தைப் போடாமலே காலம் கடத்தினார்கள். மலாயோடு சீனமும் தமிழும் அதிகாரபூர்வ மொழிகளாக இருக்கவேண்டும் என்பது பி.பி.பி.யின் நிலைப்பாடு. 1967-இல் தேசிய மொழிச் சட்டம் வந்தபோதும் கட்சி எதிர்த்து நின்றது.

சம்பந்தன் உள்ளே இருந்து கேட்டார். சீனிவாசகம் சகோதரர்கள் வெளியே நின்று கேட்டார்கள். யார் வழி சரி என்று சாயாக் கடைகளில் வாதம் நடந்தாலும், இரண்டு பேரும் யார் என்பதில் யாருக்கும் குழப்பம் இல்லை. பின்னால் வந்த கோபத்தைப் புரிந்துகொள்ள இந்தத் தெளிவு முக்கியம்.

தம்பியின் மறைவு

1964-இல் கல்வி அமைச்சர் அப்துல் ரஹ்மான் தாலிப் மீது டி.ஆர். நாடாளுமன்றத்தில் ஊழல் குற்றச்சாட்டுகளை வைத்தார். மன்றத்துக்கு வெளியே சொல்லும்படி அமைச்சர் சவால் விட்டார். டி.ஆர். வெளியே வந்து கூட்டத்தில் சொன்னார். அமைச்சர் அவதூறு வழக்குப் போட்டார், வழக்கில் தோற்றார், பதவியையும் விட்டார். சுதந்திர மலேசியாவில் ஓர் எதிர்க்கட்சி உறுப்பினரின் குற்றச்சாட்டால் அமைச்சர் ஒருவர் பதவி இழந்தது பெரிய செய்தி. ஈப்போவில் டி.ஆரின் புகழ் உச்சிக்குப் போனது.

1969 மார்ச் 15-ஆம் நாள், பொதுத் தேர்தலுக்கு இரண்டு மாதம்கூட இல்லாத நேரத்தில், டி.ஆர். சீனிவாசகம் காலமானார். வயது 50-ஐக்கூட எட்டவில்லை. ஈப்போ கண்ணீரில் திரண்டது. இனம் பார்க்காமல் மக்கள் இறுதி ஊர்வலத்தில் நின்றார்கள்.

அந்தத் துக்கத்தின் நடுவே கட்சி எஸ்.பி.யின் தோளில் விழுந்தது. ஜனநாயகச் செயல் கட்சி, கெராக்கான், பி.பி.பி. மூன்றும் ஒன்றின் ஓட்டை ஒன்று பிரிக்காமல் தொகுதிகளைப் பகிர்ந்துகொண்டன. மே 10-இல் வாக்களிப்பு. முடிவு ஆளுங்கட்சியை உலுக்கியது. பேராக் சட்டமன்றத்தின் 40 இடங்களில் கூட்டணிக்கு 19 மட்டுமே. பி.பி.பி. 12, ஜ.செ.க. 6, கெராக்கான் 2, பாஸ் 1. எதிர்க்கட்சிகள் சேர்ந்தால் 21. நாடாளுமன்றத்திலும் பி.பி.பி.க்கு மீண்டும் 4 இடங்கள்.

பேராக்கில் எதிர்க்கட்சிகளின் அரசு அமையுமா என்று ஊர் முழுக்கப் பேச்சு. எதிரணியில் பெரிய கட்சி பி.பி.பி. அதன் தலைவர் எஸ்.பி. சீனிவாசகம். அவர் வாழ்வில் மக்களின் நம்பிக்கை இதைவிட உயரத்தில் என்றும் இருந்ததில்லை.

அந்த உயரம் 3 நாள்தான் நீடித்தது.

மே 13-க்குப் பின்

கோலாலம்பூரில் கலவரம் வெடித்தது. அவசரநிலை வந்தது. நாடாளுமன்றம் முடக்கப்பட்டு, துன் அப்துல் ரசாக் தலைமையில் தேசிய நடவடிக்கை மன்றம் நாட்டை நடத்தியது. 1971 பிப்ரவரியில்தான் நாடாளுமன்றம் மீண்டும் கூடியது. குடியுரிமை, தேசிய மொழி, மலாய்க்காரர்களின் சிறப்புரிமை, ஆட்சியாளர்களின் நிலை ஆகியவற்றைக் கேள்வி கேட்பது இனிக் குற்றம். பி.பி.பி. பிறந்த நாளிலிருந்து பேசிவந்த பொருள்களில் பாதி, ஒரே நாளில் பேசக்கூடாத பொருள்களாகிவிட்டன.

தோட்டங்களில் இதே காலம் வேறு வகையில் கொடியது. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை அனுமதி பெறவேண்டும் என்ற சட்டம் அமலுக்கு வந்தது. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த பாட்டாளிகள் பல்லாயிரம் பேர், பிள்ளைகள் பிறந்த மண்ணை விட்டு இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். உரத்துக் கேட்க ஆள் தேவைப்பட்ட நேரம் அது.

துன் ரசாக் ஒரு புதிய திட்டத்தோடு வந்தார். கட்சிகள் சண்டையைக் குறைத்து, கூட்டாட்சி அமைத்து, வளர்ச்சியில் கவனம் செலுத்தலாம் என்பது அழைப்பு. 1972-இல் பினாங்கில் கெராக்கான் கூட்டணியோடு சேர்ந்தது. அதே ஆண்டு பேராக்கில் பி.பி.பி.யும் சேர்ந்தது. 1973 தொடக்கத்தில் பாஸ் வந்தது. 1974-இல் இவை அனைத்தும் தேசிய முன்னணி என்ற ஒரே குடையின் கீழ் பதிவாயின.

எஸ்.பி.யின் முடிவுக்கு ஆதரவாகச் சொல்ல நிறைய இருந்தது. நாடு இரத்தம் பார்த்திருந்தது. பேச்சுக்கு எல்லை போடப்பட்டிருந்தது. நகராட்சித் தேர்தல்கள் திரும்பவில்லை. எதிரணியில் இருந்தால் தொகுதிக்கு மேம்பாட்டுப் பணம் வராது. கிந்தாவின் புதுக் கிராமங்களில் மக்களுக்கு நிலப்பட்டா வேண்டும், சாலை வேண்டும், தண்ணீர் வேண்டும். ஆட்சியில் பங்கு இருந்தால் இவற்றைக் கேட்டு வாங்கலாம். இருபது ஆண்டுகளாகச் சம்பந்தன் சொல்லிவந்த வாதமும் ஏறக்குறைய இதுதான்.

இங்கேதான் மக்கள் முகம் சுளித்தார்கள். அது சம்பந்தனின் வாதம் என்றால், சம்பந்தனுக்கே ஓட்டுப் போட்டிருப்போமே!

கோபத்தின் காரணம்

மெங்லெம்புவிலும் ஈப்போவிலும் பி.பி.பி.க்கு ஓட்டுப் போட்டவர்கள் கூட்டணியை வேண்டாம் என்று சொன்னவர்கள். குறிப்பாக ம.சீ.ச.வை வேண்டாம் என்றவர்கள். 1955 முதல் ஒவ்வொரு தேர்தலிலும் பி.பி.பி. எதிர்த்து நின்றது அந்தக் கட்சியைத்தான். தம்பி இறந்த துக்கத்தில் 1969-இல் அவர்கள் அள்ளிக் கொடுத்த ஓட்டும் அதற்காகவே. அந்த ஓட்டை வாங்கிக்கொண்டு, அவர்களிடம் திரும்பக் கேட்காமல், எதிர்த்த கட்சியின் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தால் என்ன அர்த்தம்?

இந்தக் கோபத்தை வெறும் உணர்ச்சி என்று தள்ளிவிட முடியாது. பினாங்கோடு ஒப்பிட்டால் புரியும். டாக்டர் லிம் சோங் இயூவின் கெராக்கானும் அதே ஆண்டில் அதே கூட்டணியில் சேர்ந்தது. 1974-இல் அது பினாங்கில் தோற்கவில்லை; அவரே முதலமைச்சராகத் தொடர்ந்தார். வேறுபாடு எங்கே? பினாங்கு மக்கள் 1969-இல் கெராக்கானை ஆளச் சொல்லி ஓட்டுப் போட்டார்கள். கூட்டணியில் சேர்ந்தபிறகும் ஆட்சி அவர் கையில்தான் இருந்தது. மக்கள் கொடுத்த வேலையை அவர் தொடர்ந்து செய்தார். பேராக்கில் பி.பி.பி.க்கு மக்கள் கொடுத்த வேலை, ஆளுங்கட்சியைக் கண்காணிப்பது. கூட்டணியில் சேர்ந்த நாளில் அந்த வேலை நின்றுபோனது. பதிலுக்குக் கிடைத்ததோ பெரிய கட்சிகளுக்குப் பின்னால் ஒரு சிறிய நாற்காலி.

இன்னொன்றும் உண்டு. தம்பியின் நிழல். டி.ஆர். உயிரோடு இருந்திருந்தால் இதைச் செய்திருப்பாரா என்ற கேள்விக்கு யாராலும் விடை சொல்ல முடியாது. விடை இல்லாத கேள்வி என்பதாலேயே அது எஸ்.பி.யை விடாமல் துரத்தியது. இறந்தவர் எந்தச் சமரசமும் செய்வதில்லை. உயிரோடிருப்பவர்தான் 1972-ஐச் சந்திக்க வேண்டியிருந்தது. ஒரு தலைவரின் எல்லா முடிவும் இறந்துபோன உடன்பிறப்போடு எடைபோடப்பட்டால், எந்தத் தராசும் அவர் பக்கம் சாயாது. இந்த அளவில் எஸ்.பி.க்கு மக்கள் காட்டிய கடுமை நியாயத்தை மீறியது என்றுகூடச் சொல்லலாம்.

ஆனாலும் ஒரு குறை அவருடையதுதான். இருபது ஆண்டு எதிர்ப்பை மாற்றும் முடிவு, தலைவர்கள் மேசையில் முடிந்தது. வாக்காளரைக் கேட்க அடுத்த தேர்தல் வரை இரண்டு ஆண்டுகள் ஆயின. அதற்குள் மக்கள் பதிலைத் தயாராக வைத்திருந்தார்கள்.

1974 ஆகஸ்டு

1974 ஆகஸ்டு 24-இல் தீபகற்பத்தில் வாக்களிப்பு. நாடு முழுவதும் தேசிய முன்னணிக்கு மாபெரும் வெற்றி. 154 இடங்களில் 135. அந்த வெற்றி ஊர்வலத்தில் பி.பி.பி.யின் கொடி மட்டும் தாழ்ந்து போனது. நாடாளுமன்றத்தில் அதற்குக் கிடைத்தது ஒரே ஓர் இடம். ஈப்போ ஜ.செ.க. கைக்குப் போனது. எஸ்.பி. 15 ஆண்டுகள் கட்டிக்காத்த மெங்லெம்புவும் போனது. கட்சித் தலைவரான அவரும் தப்பவில்லை.

எதிர்க்கட்சியாகத் தனியே நின்றபோது அலைக்கு எதிராக வென்ற கட்சி, ஆளுங்கட்சியின் அலையில் ஏறி மூழ்கியது. கிந்தா மக்கள் எதிர்க்கட்சியைக் கைவிடவில்லை. எதிர்ப்பதை நிறுத்திய கட்சியைத்தான் கைவிட்டார்கள். நாற்காலி அதே இடத்தில் இருந்தது. அதில் உட்காரும் ஆளை மட்டும் மாற்றினார்கள். அன்று முதல் ஈப்போ வட்டாரத்தில் ஜ.செ.க. வேரூன்றியது.

அடுத்த ஆண்டு, 1975-இல், எஸ்.பி. சீனிவாசகம் மறைந்தார். ஊராட்சி மன்றச் சட்டம் 1976-இல் வந்து, நகராட்சித் தேர்தல் முறையையே முடித்துவைத்தது. அவர் தலைவராக அமர்ந்த மன்றத்துக்கு மக்கள் ஓட்டுப் போடும் வாய்ப்பு பிறகு வரவில்லை. கட்சி தேசிய முன்னணியில் பல்லாண்டுகள் இருந்தது. 2004-இல் எம். கேவியஸ் தைப்பிங்கில் வென்று ஒரு சிறு வெளிச்சம் காட்டினார். 2008-இல் அதுவும் அணைந்தது. 12 சட்டமன்ற உறுப்பினர்களோடு பேராக்கில் எழுந்து நின்ற அந்தப் பழைய பி.பி.பி. திரும்பவே இல்லை.

இன்றைக்கும் கேட்கும் கேள்வி

பேராக் மக்களுக்குக் கட்சி தாவல் புதிதல்ல. 2009 பிப்ரவரியில் ஜெலாப்பாங், பெஹ்ராங், சங்காட் ஜெரிங் சட்டமன்ற உறுப்பினர்கள் மூவர் விலகியதால் ஒரு மாநில அரசே கவிழ்ந்தது. தேர்தலில் போட்ட ஓட்டுக்கு மதிப்பென்ன என்று அன்று கொதித்தவர்களில், 1974-இல் மெங்லெம்புவில் வரிசையில் நின்றவர்களின் பிள்ளைகளும் இருந்திருப்பார்கள். 2022-இல் கட்சி தாவல் தடைச் சட்டம் வந்தது. தன் கட்சியை விட்டு விலகும் உறுப்பினர் இனி இடத்தை இழப்பார்.

ஆனால் அந்தச் சட்டம் 1972-இல் இருந்திருந்தாலும் எஸ்.பி.யைத் தொட்டிருக்காது. அவர் கட்சியை விட்டுப் போகவில்லை. கட்சியோடு சேர்ந்தே போனார். ஒரு கட்சி முழுதாக அணி மாறினால் சட்டம் இன்றும் குறுக்கே வராது. 2022 பொதுத் தேர்தலுக்குப் பின், நேற்றுவரை எதிரிகளாக இருந்த கட்சிகள் புத்ராஜெயாவிலும் ஈப்போவிலும் சேர்ந்து ஆட்சி அமைத்தன. நாட்டின் நிலைத்தன்மைக்காக என்றார்கள். அது சரியான முடிவா என்பதை அந்தந்த வாக்காளர்தான் எடைபோட வேண்டும். எடைபோடும்போது எஸ்.பி. சீனிவாசகத்தின் கதை பயன்படும்.

லீ மெங்குக்காக வாதாடிய எஸ்.பி. ஒரு நல்ல மனிதர் என்பதிலும், ஈப்போவுக்காக உழைத்தவர் என்பதிலும் ஐயமில்லை. நல்ல தலைவரும் மக்களின் பொறுமையை இழக்கலாம். அணி மாறுவதை மக்கள் எப்போதும் தண்டிப்பதில்லை. பினாங்கு அதற்குச் சாட்சி. எந்த வேலைக்காக அனுப்பினார்களோ அந்த வேலையை, தங்களைக் கேட்காமல் கைவிடுவதைத்தான் மெங்லெம்பு மன்னிக்கவில்லை.

தம்பியின் பெயர் பூங்காவில் இருக்கிறது. அண்ணனை நினைக்க விரும்புகிறவர்கள், 1952-இல் ஈப்போ நீதிமன்றத்தில் தூக்குமேடையின் நிழலில் நின்ற ஒரு பெண்ணுக்காக எழுந்து பேசிய அந்த இலங்கைத் தமிழ் வழக்கறிஞரையும் சேர்த்தே நினைக்கலாம். 1974-ஐ மட்டும் வைத்து அவரை அளந்தால் பாதி மனிதர்தான் தெரிவார்.